பேச்சு மன்றம் ஆறு மாதத்தில் படுத்துவிடாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் நாங்கள் 14 பேர் இருக்கிறோம். பத்தாம் வகுப்புப் படிப்பவர் முதல் பட்டம் முடித்து வேலை தேடுபவர் வரை உண்டு. பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர்கள்கூட நேர்முகத் தேர்வில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் திணறுகிறார்கள். அதனால் ஒரு பேச்சுப் பயிற்சி மன்றம் தொடங்க நினைக்கிறோம். உறவினர் ஒருவர் தம் பழைய வீட்டைத் தரச் சம்மதித்திருக்கிறார். இப்படித் தொடங்கும் மன்றங்கள் ஆறு மாதத்தில் படுத்துவிடுகின்றன. எப்படி நடத்தினால் நிற்கும்?

பதில்: கோப்பை வாங்கிய பிள்ளை திணறுவதில் வியப்பில்லை. பள்ளிப் போட்டிக்கு ஆசிரியரோ அப்பாவோ மூன்று பக்கம் எழுதித் தருவார். பிள்ளை அதை மனப்பாடம் செய்து, எந்த வரியில் கையை உயர்த்துவது என்பது வரை பழகிக்கொண்டு ஒப்பிக்கும். அது நினைவாற்றல் பயிற்சி. நேர்முகத் தேர்வில் தேவைப்படுவதோ, கேள்வி காதில் விழுந்த பிறகு எண்ணத்தை வரிசைப்படுத்தி வாய் திறப்பது. இதை வருடத்துக்கு ஒரு மேடை கற்றுத்தராது. அடிக்கடி எழுந்து, கொஞ்ச நேரம் பேசி, பேசியதில் எது நின்றது, எது நழுவியது என்று அன்றைக்கே ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும். இந்த மூன்றும் கிடைக்கிற மன்றம் நிற்கும். ஒன்று குறைந்தாலும் கூட்டம் மெல்லக் கரையும்.

இதற்கென்றே தேர்ந்த ஒரு முறை இருக்கிறது. 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்பு. அதன் கூட்டத்துக்கு மூன்று அங்கங்கள்: தயாரித்த பேச்சு, திடீர்ப் பேச்சு, ஒவ்வொரு பேச்சுக்கும் மதிப்பீடு. அதில் சேர 18 வயது நிரம்ப வேண்டும். புதுக் கிளை தொடங்க 20 பேர் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை டாலர் கணக்கில் சந்தாவும் உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவர்களிடமே ‘கேவல் கிளப்’ என்று தனி ஏற்பாடு இருக்கிறது. உங்கள் குழுவில் இரண்டு வயதினரும் கலந்திருப்பதால் முதல் ஆண்டு எதிலும் சேர வேண்டாம். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு செலவில்லை.

இனி நேரப் பட்டியல். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 மணி வரை என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பாளர் 5 நிமிடத்தில் தொடங்கி வைக்கிறார். பிறகு தயாரித்த பேச்சுகள் மூன்று, ஒவ்வொன்றும் 5 முதல் 7 நிமிடம். ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் குறிப்பு எழுத வேண்டும். ஆக 25 நிமிடம் ஆகும். அடுத்து திடீர்ப் பேச்சு 15 நிமிடம், தேநீருக்கு 10 நிமிடம், மதிப்பீடுகள் மூன்றுக்கும் சேர்த்து 10 நிமிடம், நேரக் கணக்கும், ‘வந்து’, ‘அதாவது’ போன்ற தேவையற்ற சொற்களின் கணக்கும் வாசிக்க 5 நிமிடம், கூட்டம் முழுவதையும் பற்றிய கருத்துக்கு 5 நிமிடம், அடுத்த வாரப் பொறுப்புகளை உறுதிசெய்ய 5 நிமிடம். மீதி 10 நிமிடம் கைவசம் இருக்கட்டும், எப்படியும் தேவைப்படும்.

ஆள் கணக்கும் சரியாக வரும். பேச்சாளர் 3, மதிப்பீட்டாளர் 3, தொகுப்பாளர், நேரம் பார்ப்பவர், சொல் எண்ணுபவர், திடீர்த் தலைப்பு தருபவர், கூட்டத்தை மதிப்பிடுபவர் என்று 11 பேர். மீதி 3 பேரும், இன்னும் ஆசைப்படும் இரண்டொருவரும் திடீர்ப் பேச்சுக்கு. ஒரு தடவைகூட எழுந்து நிற்காமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதுதான் இந்தக் கணக்கின் நோக்கம். உறுப்பினர்கள் 20ஐத் தாண்டினால் இது நடக்காது, அப்போது இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பொறுப்புகளை நான்கு கூட்டங்களுக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். ‘யார் பேசுறீங்க?’ என்று அன்றைக்குக் கேட்டால் எப்போதும் அதே நாலு பேர்தான் கை தூக்குவார்கள்.

நேரம் பார்ப்பவரிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை மூன்று போதும். 5 முதல் 7 நிமிடப் பேச்சுக்கு 5இல் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. திடீர்ப் பேச்சுக்கு 1 நிமிடம், ஒன்றரை, 2. மதிப்பீட்டுக்கு 2, இரண்டரை, 3. சிவப்பு வந்த பிறகு 30 விநாடி சலுகை, அதற்கு மேல் கைதட்டி உட்கார வைத்துவிடுங்கள். பெரியவர், சிறியவர், நன்றாகப் பேசுபவர் யாருக்கும் விலக்கு வேண்டாம். அட்டை பேச்சாளரின் கண்மட்டத்தில், அவையின் கடைசி வரிசையிலிருந்து தெரிய வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து காட்டினால் பேச்சாளர் குனிந்துகொண்டே பேசுவார்.

எத்தனை பக்கம் எழுதுவது என்று மாணவர்கள் கேட்பார்கள். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி வருவதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல்தான் போகும். ஆறு நிமிடத்துக்கு 540 சொல் என்று மனதில் வைத்து, அவரவர் வேகத்தைப் போனில் பதிவுசெய்து திருத்திக்கொள்ளலாம். முழுவதையும் மனப்பாடம் செய்வதுதான் பெரிய ஆபத்து. ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது. பிள்ளை திரும்ப முதல் வரிக்கே போகும், அல்லது கண் மேலே செருக நின்றுவிடும். தொடக்கத்தின் இரண்டு வாக்கியமும் முடிவின் இரண்டு வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் மூன்று கருத்து, கருத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. இவற்றை அஞ்சலட்டை அளவுள்ள அட்டையில் ஒற்றைச் சொற்களாகக் குறித்துக்கொண்டு, வீட்டில் மூன்று தடவை மூன்று விதமான சொற்களில் பேசிப் பார்க்க வேண்டும். மூன்றாவது தடவை வாக்கியம் மாறியும் கருத்து மாறாமல் வந்தால் தயார் என்று பொருள். அட்டை ஏன் என்றால், கை நடுங்கும்போது முழுநீளத் தாள் படபடத்து அந்த நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அட்டை அப்படிக் காட்டிக்கொடுக்காது.

பயம் முதல் ஒரு நிமிடத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அதைக் கடக்கத்தான் அந்த இரண்டு மனப்பாட வாக்கியங்கள். எழுந்து வந்து இரு பாதத்தையும் ஊன்றி, மூச்சை மெல்ல வெளியே விட்டு, இரண்டு விநாடி அமைதியாக இருந்து, பிறகு தொடங்கச் சொல்லுங்கள். ‘அவைத் தலைவர் அவர்களே, சான்றோர் பெருமக்களே’ என்று ஒரு நிமிடம் நீளும் விளிகளை மன்றத்தில் அறவே விட்டுவிடுங்கள். ‘நண்பர்களுக்கு வணக்கம்’ போதும்.

திடீர்ப் பேச்சுக்குத் தலைப்பு உள்ளூரிலிருந்து எடுங்கள். ‘மரமே வரம்’ என்று கொடுத்தால் படித்த கட்டுரையே வாயில் வரும். ‘ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் வேலைக்கு இளைஞர்கள் வர என்ன செய்யலாம்?’, ‘பங்காளிகள் பத்துப் பேருக்குச் சொந்தமான வீட்டை யார் பராமரிப்பது?’, ‘கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் நெய்பவருக்கு என்ன மாறியது?’ என்று கேளுங்கள். எவருக்கும் தயார் பதில் இருக்காது, ஆனால் எல்லோருக்கும் ஏதாவது தெரிந்திருக்கும். தலைப்பைக் கேட்டதும் 15 விநாடி யோசிக்கலாம். பிறகு என் பதில் இது, காரணம் இது, எடுத்துக்காட்டு இது, ஆகவே என் பதில் இது. இந்த நாலு படியில் இரண்டு நிமிடம் நிரம்பிவிடும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கும் இதே படிகள்தான். மாதம் ஒரு முறை அந்தக் கேள்வியையே திடீர்த் தலைப்பாக வையுங்கள்.

மன்றம் பிழைப்பதும் அழிவதும் மதிப்பீட்டில்தான், இதில் அதிகக் கவனம் கொடுங்கள். ‘சூப்பரா பேசினீங்க, இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாம்’ என்பதில் பேச்சாளர் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. அவர் வருவதை நிறுத்த அதுவே போதும், ஏனென்றால் பாராட்டு வீட்டிலேயே கிடைக்கிறது. மதிப்பீடு இப்படி இருக்க வேண்டும்: ‘உங்க அப்பச்சி பர்மாவிலேர்ந்து கொண்டுவந்த பெட்டியைப் பற்றிச் சொன்னப்ப எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம், பூட்டு எப்படியிருந்தது என்று வரைக்கும் சொன்னீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பொது வரலாறு போச்சு. அடுத்த தடவை பெட்டியிலேயே தொடங்குங்க.’ நன்றாக அமைந்த இரண்டு, திருத்த வேண்டிய ஒன்று, அதைத் திருத்தும் வழி. மூன்று குறைகளை ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் திருந்தாது. பேச்சாளர் எதில் கவனம் வேண்டுமென்று முன்கூட்டியே மதிப்பீட்டாளரிடம் சொல்லிவைக்கட்டும்.

சொல் எண்ணுபவர் ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலி’, ‘ம்ம்’ போன்றவற்றைக் கோடு போட்டு எண்ணுவார். முதல் மூன்று பேச்சு வரை அந்த எண்ணிக்கையைச் சபையில் வாசிக்காமல் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணிடம் எல்லோர் முன்னிலும் ‘32 தடவை வந்து சொன்னீங்க’ என்றால் அடுத்த வாரம் நாற்காலி காலியாக இருக்கும். ‘வந்து’ வரும் இடத்தில் வாயை மூடி ஒரு விநாடி நிற்பதுதான் இதற்கு மருந்து. அந்த அமைதி பேசுபவருக்கு நீளமாகத் தோன்றும், கேட்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. போனில் எடுத்த வீடியோவை முதலில் சத்தமில்லாமல் பார்க்கவும், பிறகு பார்க்காமல் கேட்கவும் சொல்லுங்கள். கை செய்வதும் குரல் செய்வதும் தனித்தனியாகப் பிடிபடும்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாவது கூட்டத்திலேயே இந்தச் சண்டை வரும். முதல் மூன்று மாதம் தமிழ் மட்டும். பிறகு மாதம் ஒரு கூட்டம் ஆங்கிலத்தில். எண்ணத்தை வரிசைப்படுத்தப் பழகாதவருக்கு ஆங்கிலமும் சேர்ந்தால் இரண்டு சுமை. ழ, ள, ல வேறுபாட்டையும் ற, ர வேறுபாட்டையும் திருத்துங்கள். ஆச்சி, அப்பச்சி என்று வீட்டில் புழங்கும் சொல்லையும் நம் பக்கத்துப் பேச்சின் இழுப்பையும் பிழையாகக் குறிக்காதீர்கள். புரிகிறதா என்பது மட்டுமே அளவுகோல்.

சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்த பட்டிமன்றங்களும் காரைக்குடி வட்டாரத்துக்கு நல்ல செவியைக் கொடுத்திருக்கின்றன. அது பெரிய சொத்து. கம்பன் விழாவுக்கு உங்கள் குழு சேர்ந்தே போகட்டும். ஆனால் நம் பிள்ளைகள் பட்டிமன்றக் குரலை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 14 பேர் இருக்கும் அறையில் ஆயிரம் பேருக்கான ஏற்ற இறக்கத்தோடு பேசுவதைக் கேட்க முடியாது. விழாவில் கவனிக்க வேண்டியது நடுவரை. இரண்டு பக்கத்தின் வாதத்தையும் ஒவ்வொரு வாக்கியத்தில் நேர்மையாகச் சுருக்கி, பிறகு தீர்ப்புக்கு வருகிறார் பாருங்கள், அந்தச் சுருக்கும் வேலையைத்தான் மதிப்பீட்டாளர்கள் கற்க வேண்டும்.

உறவினர் தரும் வீட்டில் எந்தப் பகுதியைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். உயர்ந்த கூரையும் வெற்றுச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் கொண்ட பட்டாலை என்னும் கூடத்தில் ஒலி எதிரொலித்து, வேகமாகப் பேசினால் சொல் சொல்லின் மேல் ஏறும். நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், ஓசை இழுத்துக்கொண்டு நின்றால் தரையில் தடித்த ஜமுக்காளம் இரண்டு விரித்து, கேட்பவர்களை நெருக்கமாக உட்கார வைத்தால் கணிசமாகக் குறையும். முற்றத்தை ஒட்டிய வளவுத் தாழ்வாரம் நல்ல இடம், காற்றும் வரும். பேச்சாளர் முற்றத்துக்கு முதுகைக் காட்டி நிற்கக்கூடாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் முகம் இருண்டு, கண்ணும் உதடும் தெரியாமல் போகும். முற்றத்தைப் பார்த்தபடி நின்றால் அதே வெளிச்சம் முகத்தில் விழும். மைக் வேண்டாம். 20 பேருக்குள் அது குரலைப் பழக்கவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்தில் தண்ணீர் விழும் ஓசையில் ஒன்றும் கேட்காது, அந்த நாட்களுக்கு உள்ளறை ஒன்றை இப்போதே பேசி வையுங்கள்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். கூட்டத்தில் பொறுப்பான பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். பேச்சு வீடியோ பேசியவர் கையில் மட்டும் இருக்க வேண்டும், குழுவில் பகிர வேண்டாம். மாலை ஆறு மணிக்கு முடிப்பது பெண்பிள்ளைகளைத் தொடர்ந்து வரவைக்கும். ஒரு நாள் ஏழாகிவிட்டால் பல வீடுகளில் அனுப்பமாட்டார்கள்.

மன்றங்கள் படுத்துப்போகும் காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். சிறப்பு விருந்தினரை அழைத்து அவர் முக்கால் மணி நேரம் பேசுவது. தொடங்கியவரே வாராவாரம் தொகுப்பது. மாதந்தோறும் பரிசு வைத்து, தோற்றவர் ஒதுங்குவது. எல்லாப் பொறுப்பும் சுழலட்டும். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு முதலில் நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள், மூன்று வரி விதியை எழுந்து வாசித்தால் போதும். இரண்டாவது மாதத்தில் அவர் தானே திடீர்ப் பேச்சுக்கு வருவார். விருந்தினர் வேண்டுமானால் காலாண்டுக்கு ஒருவர், 15 நிமிடம், சிவப்பு அட்டை அவருக்கும் உண்டு.

வங்கிக் கணக்கு, நன்கொடை என்று வரும்போதுதான் பதிவு பற்றி யோசிக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது 7 உறுப்பினர்கள் தேவை. அதுவரை ஒரு நோட்டும் மூன்று அட்டையும் ஒரு கடிகாரமும் போதும். பொதுத் தேர்வுக் காலமான மார்ச், ஏப்ரலில் கூட்டத்தை அடியோடு நிறுத்தாதீர்கள், நின்றால் மறுபடி ஆள் சேராது. தேர்வு எழுதுபவர்களுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு, பட்டம் முடித்தவர்களை வைத்து மாதம் இரண்டு தடவை, 45 நிமிடக் கூட்டமாகத் திடீர்ப் பேச்சு மட்டும் நடத்துங்கள். மே முதல் ஞாயிறு முழுக் கூட்டத்துக்கான பொறுப்புப் பட்டியலைப் பிப்ரவரி கடைசியிலேயே ஒட்டிவிடுங்கள்.