கதவைக் கழற்றாமல் துருவை வெட்டுங்கள்

கேள்வி: மிச்சிகனில் 1951-ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 பிக்கப் ஒன்று வாங்கினேன். கேபினின் பின்மூலைகளும், கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் பகுதியும் துருவேறி ஓட்டையாகிவிட்டன. மாற்றுப் பேனல்கள் (அந்த இடங்களுக்கென அடித்த புதுத் தகடுகள்) வாங்கிவிட்டேன். பழையதை வெட்டியெடுத்துவிட்டு இவற்றைப் பற்றவைத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெட்ரோல் டேங்க். உங்கள் வண்டியில் அது இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே நிற்கிறது. காலியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். அதைக் கழற்றி வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

வேலைக்கு இடைஞ்சல் என்று பலர் கதவைக் கழற்றிவிடுகிறார்கள். பிறகு எதை வைத்து அளப்பார்களோ! கேபின் சேஸியின்மேல், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின்மேல், போல்ட் முடுக்கி அமர்ந்திருக்க, கதவு அதன் இடத்தில் தொங்க வேண்டும். கீல் ஆணிகள் தேய்ந்து கதவு தொய்ந்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். கதவு மூட இடம்விட்டு, வாசலின் உட்பக்கத்தில் முன்தூணிலிருந்து பின்தூணுக்குச் சதுரக் குழாய் ஒன்றைப் பற்றவைத்து முட்டுக்கொடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது. ராக்கர் போய்விட்டால் கேபினைத் தாங்க ஆளில்லை.

கடைப் பேனல் உங்கள் கேபினைப் பார்த்து அடித்ததல்ல. ஒரு முழ உயரத்துக்கு வந்திருக்கிறது என்பதற்காக ஒரு முழம் வெட்டாதீர்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே மேலே போங்கள். கெட்டித் தகடு கிடைத்த இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே கோடு போட்டால் போதும். பேனலையும் அந்த அளவுக்கே குறையுங்கள். உள் ராக்கர், தரை, வெளி ராக்கர், கடைசியாக மூலை என்பதுதான் வரிசை. ஒவ்வொன்றையும் திருகாணியில் நிறுத்தி, கதவை மூடி, சுற்றிலும் இடைவெளி சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே வெல்டரைத் தொடுங்கள். நான் ஒரு மூலையை ஏழெட்டு முறை மாட்டிக் கழற்றுவேன்.

மூலையில் தகட்டின்மேல் தகடு ஏற்றிப் பற்றவைத்தால் நடுவில் தண்ணீர் தங்கும். விளிம்போடு விளிம்பு சேருங்கள். கம்பியைத் தானே ஊட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டரில் 0.6 மி.மீ. கம்பி போதும். பொட்டுப் பொட்டாக வையுங்கள்: ஒன்று இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு இடையை நிரப்புங்கள். அவசரப்பட்டு நீளமாக இழுத்தால் தகடு நெளியும். பிறகு பட்டி பூசிப் பூசி மாளாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தேய்க்கும்போது தூசியை வடிகட்டும் நல்ல முகமூடி அணியுங்கள்.

பெயிண்ட் உலர்ந்ததும் ராக்கருக்குள்ளும் மூலைக்குள்ளும் துருத்தடுப்பு மெழுகைத் தெளியுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பின்கண்ணாடி ரப்பரையும் மாற்றிவிடுங்கள். அது வெடித்திருந்தால் மழைநீர் உட்சுவர் வழியாக நேரே அந்த மூலைக்குத்தான் இறங்கும்.