வாசகர் கேள்வி-பதில்: வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்குத் தனிக் கார்

கேள்வி (கோவை வாசகி ஒருவர்): வரும் மே மாதம் நானும் கணவரும் எட்டு வயது மகனும், என் அப்பா அம்மாவுடன் வியன்னா விமான நிலையத்தில் இறங்குகிறோம். அங்கிருந்து ஸ்லோவாக்கியத் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு மூட்டுவலி. ஓட்டுநருடன் தனிக் கார் அமர்த்துவது நல்லதா, பேருந்தோ ரயிலோ போதுமா?

பதில்: உங்கள் குடும்பத்துக்குக் கார்தான் பொருத்தம் என்று தயங்காமல் சொல்லலாம். வியன்னா விமான நிலையம் நகருக்குள் இல்லை. நகர மையத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி, ஷ்வெஹாட் என்ற ஊரையொட்டி, பிராட்டிஸ்லாவா போகும் திசையிலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் வியன்னாவுக்குள் நுழையவே தேவையில்லை. ஏ4 நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, ஏ6 சாலைக்குத் திரும்பி, கிட்சே என்னும் கடைசி ஆஸ்திரிய ஊரைத் தாண்டினால் எல்லை வந்துவிடும். நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் தங்கை வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். ஏ6 சாலை 2007-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஹைன்பர்க் என்ற ஆஸ்திரிய ஊர் வழியாகச் செல்லும் பழைய சாலையில் வண்டிகள் போய்வந்தன.

விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஐந்து பேரும் அத்தனை பெட்டிகளும் நிறுத்தம் தேடிப் போய்க் காத்திருந்து, மறுமுனையில் இறங்கி இன்னொரு வண்டி பிடிப்பது மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை. ரயில் என்றால் முதலில் எதிர்த்திசையில் வியன்னா மத்திய நிலையத்துக்குப் போய் மாறி ஏற வேண்டியிருக்கும்.

பதிவு செய்யும்போது ஐந்து பேர் என்பதோடு பெரிய பெட்டிகள் எத்தனை, கைப்பெட்டிகள் எத்தனை என்பதையும் எழுதிவிடுங்கள். சாதாரண செடான் காரில் ஐந்து பேர் பெட்டிகளோடு போக முடியாது. வேன்தான் கேட்க வேண்டும். ஆஸ்திரியாவில் 14 வயதுக்குக் குறைந்த, 135 சென்டிமீட்டர் உயரத்தை எட்டாத பிள்ளைகளுக்குக் காரில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்பது சட்டம். எனவே மகனின் வயதோடு உயரத்தையும் குறிப்பிட்டு, இருக்கை நிச்சயம் உண்டு என்ற பதிலை எழுத்தில் பெறுங்கள். பின்இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட்டே ஆக வேண்டும். பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தாத்தா நினைத்தால், அங்கே அது நடக்காது என்று இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

விமானத்தின் எண்ணையும் கொடுங்கள். தாமதமானால் ஓட்டுநர் அதைப் பார்த்துக்கொண்டு வருவார். இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வருகைக் கூடத்தில் உங்கள் பெயர்ப் பலகையோடு நிற்பவரைத் தவிர, "டாக்ஸி வேண்டுமா" என்று தானாக வந்து அழைக்கும் யாருடனும் போகாதீர்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாதான் கிடைத்திருக்கிறது. வியன்னாவில் இறங்கி, காரில் பிராட்டிஸ்லாவா போய், மீண்டும் வியன்னாவுக்கு வர முடியுமா? எல்லையில் இறங்கி முத்திரை வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாகப் போய்வரலாம். ஷெங்கன் என்பது தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி; ஸ்லோவாக்கியா 2007 டிசம்பர் 21 முதல் அதில் இருக்கிறது. ஆஸ்திரியாவிலிருந்து அங்கே போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகக் கணக்கில் வராது, முத்திரையும் இல்லை. 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கலாம் என்ற பொது வரம்பும், உங்கள் விசாவில் எழுதியிருக்கும் நாட்களின் எண்ணிக்கையும்தான் கணக்கு. இனி விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். வியன்னாவில் இறங்கினாலும், பெரும்பகுதி பிராட்டிஸ்லாவாவில் என்றால் அது ஸ்லோவாக்கியாவின் பொறுப்பு.

ஆனால் பாஸ்போர்ட்டைக் காரின் பின்பெட்டியில், பூட்டிய சூட்கேசுக்குள் வைத்துவிடாதீர்கள். ஷெங்கன் நாடுகள் தேவைப்படும்போது உள் எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையை மீண்டும் கொண்டுவர விதியில் இடமுண்டு. 2023 அக்டோபரில் ஸ்லோவாக்கிய எல்லையில் ஆஸ்திரியா அப்படியே செய்தது. காவலர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் உடனே கைக்கு எட்ட வேண்டும்.

ஸ்லோவாக்கியப் பக்கம் கம்யூனிச ஆட்சி நடந்த காலத்தில், 1989 வரை, இந்த எல்லையில் இருந்தது முள்வேலியும் காவல் கோபுரமும். அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று பிராட்டிஸ்லாவா மக்கள் பெருந்திரளாக எல்லையைக் கடந்து ஹைன்பர்க் வரை நடந்தே போனார்கள். இன்று பதற்றமில்லாமல் காரில் கடந்துபோகிற நாமும் இதைத் தெரிந்துகொண்டு கடப்பது நல்லது.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்கள் இருவர்): வியன்னாவில் தங்குகிறோம். ஒரு நாள் பிராட்டிஸ்லாவா பார்த்துவிட்டு வர எங்களுக்கும் கார் தேவையா?

பதில்: தேவையில்லை. காருக்குக் கட்டணம் வண்டிக் கணக்கில்தான், தலைக்கணக்கில் இல்லை. இருவர் மட்டும் அதைப் பங்கிட்டுக் கொள்வது வீண்செலவு. வியன்னா மத்திய நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிராட்டிஸ்லாவாவில் இரண்டு நிலையங்கள் உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள்: ஒன்று நகரின் முதன்மை நிலையம், மற்றொன்று பெட்ரஷால்கா, இது பழைய நகருக்கு எதிர்க்கரையில், டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. பயணச்சீட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து ஏறுங்கள். பருவகாலத்தில் ஆற்றுவழியே விரைவுப் படகும் ஓடுகிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): வியன்னாவிலிருந்து ஹங்கேரியத் தலைநகர் புடாபெஸ்டுக்குக் கார் பேசி, நடுவே பிராட்டிஸ்லாவாவில் சில மணி நேரம் நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். கட்டணம் பேசும்போது எதைக் கேட்க வேண்டும்?

பதில்: நல்ல யோசனை. வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் நேர்வழியில் சுமார் 240 கிலோமீட்டர். பிராட்டிஸ்லாவா வழியாகப் போனால் அதிகச் சுற்று இல்லை. சொல்லும் தொகை முழுத் தொகையா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். இந்த வழியில் மூன்று நாடுகளிலும் நெடுஞ்சாலையில் கார்களுக்கு நம் ஊர்போல டோல்கேட் வைத்து வசூலிப்பதில்லை; வண்டிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும், அதுவும் நாட்டுக்கு நாடு தனித்தனி. அதை வாங்குவது வண்டிக்காரரின் பொறுப்பு. தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நடுவில் நிறுத்தும் நேரம் எத்தனை மணி, அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, வாகன நிறுத்தக் கட்டணம் யாருடையது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பனவும் அதே கடிதத்தில் வந்துவிடட்டும்.

பிராட்டிஸ்லாவாவின் பழைய நகரில் பெரும்பகுதி நடப்பவர்களுக்கு மட்டுமானது. எனவே கார் எங்கே இறக்கிவிடும், அதே இடத்தில்தான் திரும்ப ஏறுவீர்களா என்பதை ஓட்டுநரிடம் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். பெட்டிகளை வண்டியில் விட்டுப் போகலாமா என்பதையும் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் எப்படியும் உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும். பணம் என்றதும் ஒன்று: ஸ்லோவாக்கியாவில் 2009 முதல் யூரோதான், ஆனால் ஹங்கேரியில் ஃபோரின்ட். கார்க் கட்டணம் எந்த நாணயத்தில், கார்டிலா ரொக்கமாகவா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.