நாத்தனார் ‘சரி’ என்றார், இப்போது போனை எடுப்பதில்லை

கேள்வி (உசிலம்பட்டி வாசகி): என் கணவருக்கு 38 வயது. வாரம் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸ் போய் வருகிறார். அவருக்கு பி குரூப், எனக்கு ஏ. அவர் தங்கைக்கு பி. வயது 27, ஒரு பிள்ளை இருக்கிறது. மாமியார் கேட்டதும் கிட்னி தருகிறேன் என்றாள். இப்போது போனே எடுப்பதில்லை. வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். நாலு பேர் முன்னால் அம்மா கேட்டு, மகள் தலையாட்டியது சம்மதம் ஆகாது. மருத்துவர் அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கும்போது சொல்வதுதான் கணக்கு. அங்கே ‘பயமா இருக்கு’ என்று சொன்னால், குடும்பத்திடம் ‘இவர் தானம் தரத் தகுதியில்லை’ என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். காரணம் வெளியே வராது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை மனம் மாற அவருக்கு உரிமை உண்டு.

அவர் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. தானம் கொடுத்தபின் கருத்தரித்தால், ரத்தக்கொதிப்பு சார்ந்த சிக்கல் 100-க்கு 5 என்பது 11 ஆக உயர்ந்ததாக ஆய்வு சொல்கிறது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறாரா என்பதை யாராவது கேட்டீர்களா?

குரூப் சேரவில்லை என்று உங்களை நீங்களே ஒதுக்கிக்கொண்டீர்கள். அது அவசரம். முதலில் உங்களுக்குச் சர்க்கரை, பிரஷர், 24 மணி நேரச் சிறுநீரில் புரதம், ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேன், கிட்னியின் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ பார்க்கட்டும். உடம்பு தாங்கும் என்றால் இரண்டு வழி திறக்கிறது.

ஒன்று, மாற்றுத் தானம். நோயாளிக்கு ஏ, தானம் தருபவருக்கு பி என்று உங்களுக்கு நேரெதிராக இன்னொரு குடும்பம் இருந்தால் கிட்னியை மாற்றிக்கொள்ளலாம். உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இதை அனுமதிக்கிறது. அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும். நான்கு அறுவைச் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் செய்வதே வழக்கம். ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கத் தானதாரர் பின்வாங்கினால் ஈடு செய்ய வழியே இல்லை. ‘நம்ம ஆளுக்கு வயசான கிட்னி, அவங்களுக்கு இளசு’ என்ற மனக்கசப்பு இங்கேதான் வரும். கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, குரூப் சேராமலே உங்கள் கிட்னியை வைப்பது. அவர் ரத்தத்தில் ஏ குரூப்பைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளின் (ஆன்டிபாடி) அளவை ஊசியாலும் பிளாஸ்மா மாற்றத்தாலும் இறக்குவார்கள். அந்த அளவு 1:32 என்று குறைவாக இருந்தால் எளிது, 1:512 என்று கூடுதலாக இருந்தால் பாடு. செலவும் தொற்று அபாயமும் கூடுதல். அதனால் இது எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

இதற்கிடையில் மருத்துவமனை மூலம் டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) வைத்திருக்கும், இறந்தவர்களின் கிட்னிக்கான காத்திருப்புப் பட்டியலில் இப்போதே பதிந்துவிடுங்கள். எல்லாம் கைவிட்டபின் பதியலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அத்தனை மாதமும் வரிசையில் நஷ்டம். காசு வாங்கிக்கொண்டு ஆள் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்: 5 முதல் 10 வருடம் சிறை, அபராதம் 20 லட்சத்துக்குக் குறையாது.

நாத்தனாருக்கு உங்கள் கணவரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடட்டும்: “முதல்ல உங்க அண்ணிக்குத்தான் டெஸ்ட் எடுக்குறாங்க. உன்கிட்ட இப்ப ஒண்ணும் கேக்கலம்மா. புள்ளையக் கூட்டிக்கிட்டு எப்பவும்போல வீட்டுக்கு வா.”