குறையின்றிச் செய்ய நினைப்பவர் ஏன் தள்ளிப்போடுகிறார்?

எதையும் குறையின்றிச் செய்ய விரும்பும் நீங்கள் ஆய்வேட்டை மட்டும் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவது ஏன் என்றும், உங்களிடம் நீங்களே கண்டிப்பாக இருந்தால் இது சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உயர்ந்த இலக்கு மட்டுமே இதற்குக் காரணமன்று. கனடிய உளவியலாளர்கள் பால் ஹியூவிட்டும் கோர்டன் ஃபிளெட்டும் 1991-இல், ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் முழுமை நாட்டத்தையும், பிறர் தம்மிடம் எதிர்பார்ப்பதாக எண்ணிச் சுமக்கும் முழுமை நாட்டத்தையும் வேறுபடுத்திக் காட்டினர். தள்ளிப்போடலோடு கூடுதலாகச் சேர்ந்து காணப்படுவது இரண்டாவது வகையே. நெறியாளர் என்ன சொல்வாரோ என்ற அச்சத்தில் முன்னுரையின் முதல் பத்தியை எழுதி, அழித்து, எழுத்துருவை மாற்றிப் பார்த்து, கடைசியில் கோப்பை மூடிவிட்டுக் கைபேசியை எடுக்கும்போது மனம் சற்று லேசாகிறதல்லவா? அந்த நிம்மதிதான் பழக்கத்தை ஊட்டி வளர்க்கிறது.

கண்டிப்பு அந்த அச்சத்தைக் கூட்டவே செய்யும். ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், திமோத்தி பிச்சில் முதலானோர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இடைத்தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட முதலாண்டு மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டனர். சோம்பலுக்கு இது சலுகை என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுக்கலாம். ஆனால் இப்படித் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளும் தற்பரிவு என்பது தவறை மறுப்பதன்று, ஒப்புக்கொண்டபின் தன்னையே ஏசிக்கொண்டிராமல் வேலைக்குத் திரும்புவது.

ஆகவே இந்த வாரமே, 'திருத்தப்படாத வரைவு' என்று மேலே எழுதி, இரண்டு பக்கங்களை நெறியாளருக்கு அனுப்பிவிடுங்கள்.