வாசகர் கேள்விகள்: நாம் கூடும் மண்டபம் யாருடைய காணியில் நிற்கிறது?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள சமூக நிலையத்தில் ஒவ்வொரு கூட்டமும், இது பூர்வகுடிகளின் நிலம் என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. வாசிப்பவரும் கேட்பவரும் அதை ஒரு சடங்காகவே கடந்துபோகிறார்கள். போரில் வீடும் காணியும் இழந்து வந்த நாங்கள் அவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லையே. எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: காணி உறுதியைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆகவே ஓர் உறுதியின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ரொறன்ரோவின் பெரும்பகுதியை 1787 இல் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கிவிட்டதாகப் பிரித்தானிய அரசு சொன்னது. பின்னர் அந்த உறுதியை எடுத்துப் பார்த்தபோது, நிலத்தின் விவரமே எழுதப்படாத வெற்றுத்தாளாக அது இருந்தது; தலைவர்களின் குறிகள் தனித் துண்டுகளில் இணைக்கப்பட்டிருந்தன. அதைச் சரிசெய்வதற்கென 1805 இல் பத்து ஷில்லிங்குக்கு இன்னோர் ஒப்பந்தம் எழுதினார்கள். கிரெடிட் மிசிசாகா முதற்குடியினருக்குக் கனடிய அரசு 145 மில்லியன் டொலர் இழப்பீடு வழங்கியது 2010 இல்தான். உறுதியின் அருமை தெரிந்த நம்மவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

மொழியின் கதை இதைவிடக் கொடியது. அரசின் பணத்தில் தேவாலயங்கள் நடத்திய விடுதிப் பள்ளிகளில், 1880களிலிருந்து 1990கள் வரை, ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015 இல் முன்வைத்த 94 அறைகூவல்களில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறுவோரைப் பற்றியவை: அவர்களுக்குக் கொடுக்கும் நூல்களில் இந்த வரலாறு இருக்க வேண்டும், குடியுரிமை உறுதிமொழியிலும் பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தங்கள் இடம்பெற வேண்டும். அவர்களது உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் சொற்கள் 2021 இல் உறுதிமொழியில் சேர்க்கப்பட்டன. நாம் குற்றம் செய்தோம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தங்களில் ஒரு தரப்பான நாட்டின் குடிமக்களாகிறோம் என்பதால், அவற்றைக் காக்கும் கடமையில் நமக்கும் பங்கு வருகிறது.

அறிவிப்பு சடங்காகிவிட்டது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அதற்கு உயிர் வருவது மண்டபத்தில் நடக்கும் மற்றக் காரியங்களால். சென்ற குளிர்காலத்தில் ஒரு சமூக நிலையத்தில், அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் சிப்பி ஓட்டில் உலர்ந்த மூலிகையைப் புகையவிட்டு, இறகினால் விசிறியபடி வட்டமாக அமர்ந்திருந்தவர்களிடம் வந்தார். புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அடிக்காதபடி ஊழியர்கள் காலையிலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தச் சின்ன அக்கறையைத்தான் நான் மிகவும் மதித்தேன். என் பக்கத்திலிருந்த நம் ஊர் அம்மா ஒருவர், எவரும் சொல்லிக்கொடுக்காமலே, சாம்பிராணிப் புகையை ஏற்பதுபோல இரு கைகளாலும் அதை அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். தேநீர் வேளையில் அந்த அம்மா, பேத்தியின் மொழிபெயர்ப்போடு, "உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் மொழியைப் பேசுகிறார்களா?" என்று கேட்டார். "நானே இப்போதுதான் படிக்கிறேன்" என்று அந்த மூதாட்டி பதில் சொன்னார். அதன்பின் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: தனிமையில் வாடும் என் தந்தையைச் சமூக நிலையத்துக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், மார்க்கம்

பதில்: விருந்தாளியாக எத்தனை நாள் ஒருவர் போய்வருவார்? அவருக்கு ஒரு வேலையைக் கொடுக்கும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். நாற்காலிகளை அடுக்குவதும், செவ்வாய்க்கிழமைகளில் கதவைத் திறந்துவைப்பதும்கூடப் போதும். தாம் போகாவிட்டால் யாரோ வாசலில் காத்து நிற்பார்கள் என்று தெரிந்த மனிதர் பனியிலும் புறப்பட்டுவிடுவார்.

கேள்வி: விடுதிப் பள்ளிக் குழந்தைகளை நினைவுகூரும் செப்டெம்பர் 30 அன்று எங்கள் முதியோர் குழு ஏதாவது செய்ய விரும்புகிறது. செம்மஞ்சள் சட்டை அணிந்தால் போதுமா?
– வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: அணியுங்கள், ஏன் என்றும் அறிந்து அணியுங்கள். ஆறு வயதில், 1973 இல், பிரிட்டிஷ் கொலம்பியாவின் விடுதிப் பள்ளியொன்றுக்குப் போன ஃபிலிஸ் வெப்ஸ்டாட், பாட்டி வாங்கித் தந்த செம்மஞ்சள் சட்டையை முதல் நாளே பறிகொடுத்தார். அந்த நினைவிலிருந்து பிறந்ததே இந்த நாள். பூர்வகுடிக் கலைஞர்கள் வடிவமைத்து விற்கும் சட்டைகளையே வாங்குங்கள்.

பேச்சாளரை அழைப்பதானால் உரிய மதிப்பூதியம் கொடுங்கள். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல, அனிஷினாபே மரபில் மூத்தவரிடம் ஒன்றைக் கேட்கும்போது சிறிது புகையிலையைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள். விடுதிப் பள்ளியில் பட்டதை விவரிக்கச் சொல்லி எவரையும் வற்புறுத்தாதீர்கள். எதைப் பேசுவது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். ஒரு நாள் நிகழ்ச்சியைவிட முக்கியமானது, உங்கள் நிலையத்தின் நிர்வாகக் குழுவில் பூர்வகுடியினருக்கு இடம் இருக்கிறதா, அவர்களுடைய சொந்தக் கூட்டங்களுக்கு மண்டபம் கட்டணமின்றிக் கிடைக்கிறதா என்று கேட்பது. ரொறன்ரோவிலேயே 1962 முதல் இயங்கும் பூர்வகுடியினர் மையம் ஒன்று உண்டு. அங்கே பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு முதலில் நீங்கள் போய்வாருங்கள். அழைப்பைக் கோடையிலேயே கொடுத்துவிடுங்கள். செப்டெம்பர் கடைசியில் எல்லோரும் அவர்களைத்தான் தேடுவார்கள்.