அவன் ஒளிந்து வரவில்லை, தங்கச்சி

கேள்வி: அன்புள்ள அக்கா, வெள்ளவத்தையில் இருக்கிறோம். என் மகனுக்கு 18 வயது. போன சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில், பத்தரமுல்லைப் பக்கம் நடந்த சைக்கிளோட்டத்தில் முதன்முதலாக ஓடினான். 5 கிலோமீற்றர் சுற்று, 6 தடவை. நானும் இவரும் வெயிலில் நின்றோம். விர்ரென்று ஒரு கூட்டம் வரும், அதில் என் பிள்ளை எங்கே என்று தேடுவதற்குள் போய்விடும். பிறகு எட்டு நிமிடம் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணில் பட்ட நேரமெல்லாம் யாருடைய முதுகுக்குப் பின்னாலோ ஒளிந்துதான் வந்தான். இவர் "முன்னுக்குப் போடா" என்று கத்தினார். கடைசியில் 9ஆவது இடம். இரண்டு நாள் அப்பாவும் மகனும் பேசவில்லை. ஜூனில் இன்னொரு போட்டி. "அம்மா, நீங்கள் வந்து நின்றால் போதும்" என்கிறான். விழுந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். போகவா, விடவா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கட்டாயம் போங்கள், தங்கச்சி. ஆனால் போவதற்கு முன் ஒரு ஞாயிறு விடியற்காலை, அவன் பழகப் போகும்போது மரைன் டிரைவுக்குக் கூடப் போய்ப் பாருங்கள். இப்போது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தைப் பக்கம் வரும்போது, ரயில் பாதையைத் தாண்டி வரும் கடற்காற்று முன்னால் வலப்பக்கமாக முகத்தில் அடிக்கும். கூட்டமாகப் பழகும் பிள்ளைகள் அப்போது முன்னே போகிறவனுக்குப் பின்னால், சற்று இடப்பக்கம் ஒதுங்கி வருவார்கள். முன்னால் போகிறவன்தான் காற்றை உடைக்கிறான். பின்னால் நெருங்கி வருகிறவனுக்குக் காற்பங்கு, சில நேரம் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். காற்றில்லாத நாளிலும் இதே கணக்குத்தான். சமதரையில் அந்த வேகத்துக்குப் போனால் காலின் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். உங்கள் மகன் ஒளியவில்லை. கடைசிச் சுற்றுக்குக் காலைச் சேமித்து வைத்திருக்கிறான். முதல் போட்டியிலேயே அந்தப் பொறுமை இருக்கிறது என்றால் எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இதை அவன் அப்பாவிடம் ஆறுதலாக எடுத்துச் சொல்லுங்கள்.

பயத்தைப் பற்றி என்ன சொல்ல? என் தம்பியும் சைக்கிள் ஓடியவன். 19 வயதில், கொழும்பில் ஒரு கழகப் போட்டி. நான் ஒரு வளைவில் நின்றேன். கூட்டம் நெருங்கியதும் என்னை அறியாமல் "கவனமடா!" என்று கத்திவிட்டேன். அக்காவின் குரல் என்று ஒரு கணம் தலையைத் திருப்பினான். அவனுடைய முன்சில்லு முன்னால் போனவனின் பின்சில்லில் உரசியது. விழுந்தான். முழங்கை முழுக்கத் தோல் உரிந்துபோனது. அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை, எனக்குத்தான் பல நாள் நித்திரை இல்லை. அதனால் சொல்கிறேன்: பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், "கவனம்", "மெதுவா" என்ற சொற்களே வாயில் வரக் கூடாது. வளைவின் வெளிப்பக்கத்திலும் நிற்காதீர்கள், விழுகிறவர்கள் அந்தப் பக்கம்தான் சறுக்கி வருவார்கள்.

அந்த விழுகைக்குப் பிறகு தம்பியே எனக்கு ஒரு வேலை தந்தான். முடிவுக்கோட்டை விட்டுவிட்டு நேர் ரோட்டில் ஒரு லைட் கம்பத்தையோ பஸ் தரிப்பிடத்தையோ குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் முன்னால் தனியாக ஓடுகிறவன் அதைக் கடந்ததும் போனில் நேரத்தை ஓட விட வேண்டும். தம்பி இருக்கும் கூட்டம் அதே கம்பத்துக்கு வர எத்தனை செக்கன் என்று பார்த்து, கம்பத்துக்கு அப்பால் நிற்கும் அண்ணா அந்த எண்ணை மட்டும் உரத்துச் சொல்வார். "இருபது!" அவ்வளவுதான். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர். இருபது என்றால் தனியாக ஓடுகிறவன் 200 மீற்றர் முன்னால் போகிறான். அடுத்த சுற்றில் பதினைந்து, அதற்கடுத்ததில் ஒன்பது என்று வந்தால் அவன் களைக்கிறான், பொறுத்திருக்கலாம். இருபது இருபத்தைந்தாகிவிட்டால் கூட்டம் துரத்தியே ஆகவேண்டும். கூட்டத்துக்குள் குனிந்து ஓடும் பிள்ளைக்கு இது தெரியாது. ரோட்டோரம் நிற்கிற உங்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அந்த எட்டு நிமிடமும் எனக்கு நீளமாகவே இருந்ததில்லை, போன சுற்றின் எண்ணையே மனம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தண்ணீர்ப் போத்தல் கையில் கொடுக்கலாமா என்று ஏற்பாட்டாளர்களிடம் முதலே கேளுங்கள். விடமாட்டார்கள் என்றால், முடிந்த பிறகு ஒரு செவ்விளநீர் போதும். முடிவுக்கோட்டில் ஓடிப்போய் சைக்கிளைப் பிடிக்காதீர்கள், பின்னால் வருகிறவர்கள் இன்னும் முழு வேகத்தில் இருப்பார்கள்.

சரி, இவரை என்ன செய்வது? கத்துகிற குரல் அவருக்குத்தானே இருக்கிறது. நீங்கள் கம்பத்தடியில் போனோடு நில்லுங்கள். அவர் ஐம்பது மீற்றர் தள்ளி நிற்கட்டும். நீங்கள் விரலால் எண்ணைக் காட்டுங்கள், மகனுக்கு அவர் சொல்லட்டும். ஜூனில் என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.