பூனைக்கு நேர்ந்த காயமும் ஏழு நாள் கெடுவும்

கேள்வி: என் ஆறு வயதுப் பூனை மீனுவை விமானக் கேபினில் என்னுடனேயே அழைத்துச் செல்வதற்காக, இணையப் பயண முகவர் வழியாக இரண்டு விமானங்கள் கொண்ட ஒரே டிக்கெட் எடுத்தேன். இரண்டிலும் பூனைக்கு இடம் சேர்த்தாயிற்று என்று முகவர் தொலைபேசியில் சொன்னார். முதல் விமானத்தில் மீனு என் காலடியில் அமைதியாக வந்தாள். பயணத்துக்கு முன் ஒரு தூக்க மாத்திரை கொடுத்திருந்தேன். விமானம் மாறிய இடத்தில், இரண்டாவது விமானத்தை இயக்கிய வேறொரு நிறுவனத்தின் ஊழியர், தங்கள் கேபினில் விலங்குகளுக்கு அனுமதியே இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கடிந்து பேசினார். பிறகு 'என் சொந்தப் பொறுப்பில்' என்று எழுதியிருந்த ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பையின் கைப்பிடியில் பார்கோடு சீட்டு ஒட்டி, மீனுவை அதே துணிப்பையுடன் சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டார். இறங்கியபோது பையின் வலை கிழிந்திருந்தது. முன்னங்காலின் இரண்டு நகங்கள் பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது. அங்கிருந்த கவுண்டரில் அழுது முறையிட்டேன். அந்தப் பெண் கணினியில் ஏதோ பதிவு செய்தார். மூன்றாம் நாள் முகவரின் இணையதளத்தில் புகார் செய்தேன். பதினாறாம் நாள் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எல்லாவற்றையும் விரிவாக எழுதினேன். எட்டு மாதங்களுக்குப் பிறகு இப்போது, மருத்துவச் செலவு முழுவதையும் ஒரு பயண வவுச்சரையும் தருவதாகவும், அதற்கு ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் அந்த நிறுவனம் எழுதியிருக்கிறது. என் மகளைப் பெட்டியைப் போல் வீசியவர்களை இப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. மன உளைச்சலுக்குப் பெருந்தொகை கேட்டு வழக்கு தொடர விரும்புகிறேன். முடியுமா?

பதில்: மீனு இப்போது நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். நீங்கள் எழுதியவற்றில் ஊழியர் பேசிய விதம், முகவர் தந்த வாக்கு, படிவத்தில் இட்ட கையெழுத்து ஆகியவையே பெரும் பகுதியாக இருக்கின்றன. உங்கள் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிப்பதோ நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட செய்தி: வந்திறங்கிய அன்று கவுண்டரில் இருந்த பெண் கணினியில் என்ன பதிவு செய்தார் என்பது. அதற்கான சீட்டோ எண்ணோ உங்களிடம் இல்லையென்றால், நிறுவனம் தரும் தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

காரணத்தைச் சொல்கிறேன். நீங்கள் புறப்பட்ட நாடும் சென்றடைந்த நாடும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இணைந்தவை என்று வைத்துக்கொள்கிறேன். இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. முதல் விமானத்தில் உங்கள் காலடியில் இருந்தவரை மீனு சட்டத்தின் பார்வையில் கைச்சுமை. அப்போது அவளுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், நிறுவனத்தின் தவறை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்; புகாருக்கு நாள்கணக்கு ஏதும் அந்த உடன்படிக்கையில் இல்லை. இரண்டாவது விமானத்துக்காக அந்தத் துணிப்பையின் கைப்பிடியில் ஒரு பார்கோடு சீட்டைச் சுற்றி ஒட்டினார்களே, அந்த நொடியில் அவள் செக்-இன் லக்கேஜ் ஆனாள். அதனால் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு: நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது காயம் நேர்ந்தது என்று காட்டினாலே போதும், யாருடைய தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த நன்மையுடன் ஒரு கெடுவும் சேர்ந்தே வருகிறது. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவின்படி, செக்-இன் லக்கேஜுக்கு நேர்ந்த சேதத்தைப் பற்றி, அதைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால், நிறுவனம் மோசடி செய்தது என்றாலொழிய, வழக்கே நிற்காது. பூனை இறந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ இந்த ஏழு நாள் தடை இருந்திருக்காது, காயத்துக்குத்தான் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதுவே சட்டம்.

உங்கள் பதினாறாம் நாள் மின்னஞ்சல் இந்தக் கெடுவுக்குப் பயன்படாது. மூன்றாம் நாள் முகவரின் இணையதளத்தில் செய்த புகாரும் பெரும்பாலும் பயன்படாது. டிக்கெட்டை விற்ற விமான நிறுவனம், விமானத்தை இயக்கிய நிறுவனம் ஆகிய இரண்டில் எதற்கு எழுதியிருந்தாலும் மற்றதையும் அது கட்டுப்படுத்தும் என்று 42ஆவது பிரிவு சொல்கிறது. பயண முகவரோ விமான நிறுவனம் அல்லர். முகவர் அந்தப் புகாரை ஏழு நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தால் பேசிப் பார்க்கலாம். அப்படி அனுப்பும் முகவர் ஒருவரையும் என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

எஞ்சியிருப்பது கவுண்டர்தான். அங்கே வாயால் சொன்ன முறையீடு எழுத்து ஆகாது. ஆனால் பயணி சொன்னதை ஊழியர் நிறுவனத்தின் கணினியில் பதிவு செய்து, அந்தப் பதிவைப் பயணி பார்த்துச் சரிபார்க்கவும் கெடு முடியும் முன் திருத்தவும் வழி இருந்தால், அது எழுத்துப் புகாராகவே கொள்ளப்படும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஒரு லக்கேஜ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மற்ற நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும், எடுத்துக்காட்டி வாதிடலாம். ஆகவே பயணத்தன்று நீங்கள் வைத்திருந்த கைப்பையையும் கோப்புகளையும் மின்னஞ்சல் பெட்டியையும் இன்றே தேடுங்கள். லக்கேஜ் சேதத்தைப் பதிவு செய்யும், பி.ஐ.ஆர். என்று விமான நிலையங்களில் சொல்லப்படும் படிவத்தின் நகலோ, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறிப்பு எண்ணோ, பார்கோடு சீட்டின் முதுகில் பேனாவால் எழுதிய ஓர் எண்ணோ கிடைத்தால், உங்கள் நிலை முற்றிலும் மாறிவிடும். அப்போதும் அதில் 'பை கிழிந்தது' என்று மட்டும் இருக்கிறதா, பூனையின் காயமும் இருக்கிறதா என்று பாருங்கள். பை கிழிந்ததை மட்டும் சொல்லும் பதிவு காயத்துக்கான புகார் ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

இனி, இத்தகைய வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழியைச் சொல்கிறேன்; அதற்காகவே இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு தொடரலாம் என்று எங்கோ படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் இரண்டு ஆண்டுகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஏழு நாள் என்பது புகாருக்கு. இரண்டு ஆண்டு என்பது வழக்குக்கு. முன்னதைத் தவறவிட்டவருக்குப் பின்னது கிடையாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு புகைப்படங்களையும் மருத்துவச் சீட்டையும் பார்த்து இரக்கத்துடன் ஒரு தொகையை முன்வைக்கும்போது, பலரும் அதைப் பயத்தின் அடையாளமாக எண்ணிக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார்கள். நோட்டீஸ் போன மறுகணமே கோப்பு வாடிக்கையாளர் பிரிவிலிருந்து நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் போய்விடும். அவர் முதலில் பார்ப்பது தேதிகளை. நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்த ஒரு கட்சிக்காரர் நான் தடுத்தும் கேளாமல் நோட்டீஸ் அனுப்பவைத்தார். பதிலின் முதல் பத்தியிலேயே 31ஆவது பிரிவு இருந்தது, கடைசிப் பத்தியில் முன்பு சொன்ன தொகை திரும்பப் பெறப்பட்டிருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்களுக்கும் அது நேரக் கூடாது. அவர்கள் அனுப்பிய கடிதத்தையே பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கான சான்றாகக் காட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் நல்லெண்ணத்தின்பேரில் தருகிறோம் என்ற வாசகம் இல்லாமல் இப்படிப்பட்ட கடிதம் வருவதே இல்லை.

சரி, கெடுவைத் தாண்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 'பெட்டி அல்ல, என் மகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2019இல் புவெனஸ் அயர்ஸிலிருந்து பார்சிலோனாவுக்குச் சரக்கு அறையில் செல்லவேண்டிய ஒரு நாய், விமானத்துக்குக் கொண்டுபோகும் வழியில் தப்பியோடித் தொலைந்துபோனது. உரிமையாளர் 5,000 யூரோ கேட்டார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்ன விடை இது: விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்று ஒன்றியத்தின் சட்டமே ஏற்றிருந்தாலும், இந்த உடன்படிக்கையைப் பொறுத்தவரை பயணியுடன் செல்லும் வளர்ப்பு விலங்கு லக்கேஜ்தான், லக்கேஜுக்கான உச்சவரம்பே அதற்கும் பொருந்தும். 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு; அந்த வரம்பு ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலரை ஒட்டி வரும். உங்கள் மற்றப் பெட்டிகளுக்கும் சேர்த்தே அந்த வரம்பு. மன உளைச்சலுக்கான இழப்பீடும் அதற்குள்தான் அடங்கும் என்று அதே நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. பாடம் புகட்டுவதற்கான தண்டத்தொகை எந்த நாட்டிலும் இந்த உடன்படிக்கையின்கீழ் கிடைக்காது. வரம்பை உயர்த்த வேண்டுமானால் செக்-இன்னின்போதே கூடுதல் கட்டணம் செலுத்தி மதிப்பை அறிவித்திருக்க வேண்டும். கேபினில் வருவாள் என்று நம்பியிருந்த உங்களுக்கு அது தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இதற்குள் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, அது வலுவானதும்கூட. கேபினுக்கான மென்மையான துணிப்பையைச் சரக்கு அறைக்கு ஏற்றவே கூடாது. பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகள், சரக்கு அறையில் செல்லும் பூனைக்கு உறுதியான கூண்டு வேண்டும் என்கின்றன. ஊழியர் அதை மீறினார். படிவத்தில் 'என் சொந்தப் பொறுப்பில்' என்று கையெழுத்திட்டதை நினைத்து நீங்கள் வருந்த வேண்டியதில்லை. நிறுவனத்தின் பொறுப்பை நீக்கும் அப்படிப்பட்ட வாசகம் 26ஆவது பிரிவின்படி செல்லாது. நிறுவனம் செலவு முழுவதையும் தர முன்வந்ததற்கு இந்தப் பைதான் காரணமாக இருக்கும் என்று நான் கருதுகிறேன்.

உங்களுக்குப் பாதகமாக இருப்பது தூக்க மாத்திரை. விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து கொடுத்த விலங்குகளைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கால்நடை மருத்துவர்கள் பலரும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த மின்னஞ்சலில் 'எல்லாவற்றையும் விரிவாக' எழுதினேன் என்கிறீர்கள். மாத்திரையும் அதில் இருந்தால் அது ஏற்கெனவே எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. இல்லாவிட்டாலும் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், நீங்கள் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மருந்தின் மயக்கத்தில் மிரண்ட பூனை தானே வலையைப் பிறாண்டி நகத்தை இழந்தது, ஆகவே பாதிப்பு அதன் சொந்த இயல்பாலும் உரிமையாளரின் கவனக்குறைவாலும் வந்தது என்று வாதிடுவார்கள். அந்த வாதம் முழுவதும் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொகையைப் பாதியாகக் குறைக்க அது போதும்.

பலரும் கவனிக்காத இன்னொரு விதியும் இருக்கிறது. வழக்கு தொடங்கும் முன் நிறுவனம் எழுத்தில் முன்வைத்த தொகையைவிட நீதிமன்றம் அதிகமாகத் தராவிட்டால், உச்சவரம்புக்கு மேல் வழக்குச் செலவைச் சேர்த்துத் தர 22ஆவது பிரிவு அளிக்கும் வழி உங்களுக்கு இராது. முழு மருத்துவச் செலவையும் தருவதாக நிறுவனம் ஏற்கெனவே எழுத்தில் சொல்லிவிட்டது. அதற்கு மேல் நீதிமன்றம் தரக்கூடியது எவ்வளவு, அதைப் பெற வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கடிதத்தை அப்படியே கையெழுத்திட்டு அனுப்பாதீர்கள். 'நிறுவனமும் அதன் முகவர்களும் கூட்டாளிகளும்' என்ற சொற்கள் அதில் இருந்தால் 'முகவர்கள்' என்பதை நீக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் பயண முகவர்மீது உங்களுக்கு இருக்கும் தனி வழக்கும் அதோடு போய்விடும். அந்த வழக்குக்குத் தேவையானது, முன்பதிவில் பி.இ.டி.சி. என்ற கேபின் விலங்குக் குறி இரண்டாவது விமானத்துக்கும் உறுதியாகியிருந்ததா என்பதைக் காட்டும் பதிவு. தொலைபேசியில் சொன்னார் என்பது மட்டும் போதாது. வவுச்சருக்குப் பதில் பணமாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அதன் காலாவதித் தேதியையும் வேறொருவர் பயன்படுத்த முடியுமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். மீனுவின் நகங்களுக்கு இன்னும் சிகிச்சை தேவைப்படும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அந்தச் செலவுக்கு ஒரு தொகையை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்க முடியாது. ஊழியர்மீது நடவடிக்கையும் மன்னிப்புக் கடிதமும் வேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்காதீர்கள். வேண்டுமானால் தனிக் கடிதமாக எழுதுங்கள், அது உங்கள் உரிமை.

மாற்றங்கள் கேட்டு எழுதும் கடிதத்தில் ஏழு நாளைப் பற்றியோ தேதிகளைப் பற்றியோ ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். பேச்சுவார்த்தை நீண்டால், விமானம் வந்தடைந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும், மின்னஞ்சல் பரிமாற்றம் அதை நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். கவுண்டர் சீட்டு கிடைத்துவிட்டால் மட்டும், எதிலும் கையெழுத்திடும் முன் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள்.